புளியரை, இரவு இரண்டு பத்து

ஒரே ஒரு இடி. யு.பி.எஸ். கையை விரித்துவிட்டது.
சர்வர் தானே எழுந்து உட்கார்ந்தது.
யாரோடும் பேசவில்லை.

கேபிளை உருவிச் செருகினேன்.
சுவிட்சில் பச்சை விளக்கு துடிக்கிறது,
பிங் போனால் பதில் இல்லை.
எடைமேடைக்கு வெளியே பதினோரு லாரி.
பாவூர்சத்திரத்துத் தக்காளி
தார்ப்பாய்க்கடியில் சாறு விடத் தொடங்கியிருக்கும்.

"எந்தாயி சாரே?" எட்டிப் பார்க்கிறார் ரெஜிமோன்.
"சீட்டைக் கையால எழுதிருவமா?" என்கிறாள் இசக்கியம்மாள்,
கார்பன் தாளை எடுத்து வைத்துக்கொண்டே.

போனில் தேடலாமென்றால்
மலைக்கு அந்தப்பக்கத்து டவர் பிடித்து
கேரளத்துக்கு வரவேற்கிறது, மூன்றாம் தடவை.
நான் நாற்காலியைவிட்டு எழவே இல்லை.

லாக்கில் வரிவரியாய் இறங்கினேன்.
போன மாதம் அப்டேட் போட்டது.
அதன்பின் ஒருநாளும் அணைக்கவில்லை.
இன்றைக்குத்தான் தூங்கி விழித்திருக்கிறது,
விழித்தபோது போர்ட்டுக்கு வேறு பெயர்.
கோப்போ இன்னும்
ஈத் ஜீரோ, ஈத் ஜீரோ என்று
பழைய பெயரையே கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது.
கூப்பிடப்படுவது தான்தான் என்று
அதற்கெப்படித் தெரியும்?

இசக்கியம்மாளிடம் சொன்னேன்.
"எனக்கும் அதே கததான் சார்.
ஆதார்ல இசக்கியம்மாள், பாஸ்புக்குல எசக்கி.
எதுக்க நிக்கேன்,
அப்படி ஆளே இல்லங்கான் பேங்க்ல."

ஒரு சொல்லை மாற்றினேன்.
பதில் வந்தது. மறுபடி வந்தது.
வந்துகொண்டே இருந்தது.

முறைப்படி இன்னொருதரம் அணைத்து
எழுப்பிப் பார்க்கவேண்டும்.
ரெஜிமோன் அதற்குள் வண்டியை மேடையில் ஏற்றிவிட்டார்.
அடுத்த இடிக்கென்று
விட்டுவிட்டேன்.