ஆறு

நான்கு விநாடி விளம்பரம்.
கண்ணாடிக் குவளையில் கலமான்சிச் சாறு விழ வேண்டும்,
விழுந்து மகுடம்போல் எழ வேண்டும்.
தை செங், ஆறாம் மாடி, இரவு பதினொன்றே கால்.
குளிர்சாதனத்தை எட்டுக்கே அணைத்துவிட்டார்கள்.

முப்பது லட்சம் துகள்கள்.
இதுவரை அவை சாறு இல்லை,
கொட்டிய ஜவ்வரிசி.
மேலே ஒரு தோல் போர்த்தினால்தான் ஈரம் வரும்.
போர்த்த என்னிடம் மூன்று பிளக்-இன்கள்.

இலவசமாய்க் கிடைத்தவன் அவசரக்காரன்.
ஒன்பதே நிமிடம். மகுடத்தின் முனையெல்லாம்
பிசைந்த மாவு.
"இது பானமா, போரிட்ஜா?" என்று கேட்டுவிட்டு
ஹுவீ ஷியான் கடைசி ரயிலுக்கு ஓடினாள்.

மாதச் சந்தாக்காரன் மெல்லிசாய் இழைக்கிறான்,
ஒத்துக்கொள்கிறேன்.
ஆனால் எழுபத்திரண்டாம் சட்டகத்தில் ஓர் ஓட்டை,
எழுபத்து மூன்றில் இல்லை,
எழுபத்து நான்கில் மறுபடி.
ஓடவிட்டால் சாறு கண் சிமிட்டுகிறது.

மூன்றாவது, பதினான்கு நாள் சோதனை உரிமம்.
இன்று பதின்மூன்று.
அறுபது கிகாபைட் நினைவகத்தைத் தின்று
விசிறியை ஹெலிகாப்டராக்கி
ஒரு மணி நாற்பது நிமிடம் கழித்துக் காட்டியதைப் பார்த்து
சத்தியமாய் எனக்கு வாய் புளித்தது.

தெறித்த துளிகளைத்தான் காணோம்.

அமைப்புகளில், மூடிவைத்த பெட்டிக்குள், பொடி எழுத்தில் இருந்தது:
குறைந்தபட்ச அண்டைத் துகள்கள், ஆறு.
அருகில் ஆறு இருந்தால்தான் நீராம்.
தமிழில் படித்துச் சிரித்தேன், தனியாக.

நியாயம்தான்.
ஒற்றைத் துகளுக்கும் தோல் போர்த்தினால்
கடுகுபோல் மிதக்கும்,
வாடிக்கையாளர் "அது என்ன தூசி?" என்பார்.

சும்மா எண்ணிப் பார்த்தேன்.
ஹுவீ ஷியான்.
கேட்காமலே கோப்பி ஓ கொசொங் போடும் கீழ்க்கடைக்காரர்.
அம்மா, திரை வழியாகத்தான், சேர்க்கலாமா?
பூன் கெங்கில் என் எதிர்வீட்டில் ஒரு சைக்கிள் நிற்கிறது,
யாருடையது என்று இரண்டு வருடமாய்த் தெரியாது.

ஆறை அழித்துச் சுழியம் போட்டேன்.
நூற்றுப் பதினேழு துளிகள். பாதி தூசிதான்.
இரண்டு என்று மாற்றி ஓடவிட்டு
மழையோடு மழையாக வீட்டுக்குப் போனேன்.

காலையில் ஒப்பீட்டு அட்டவணை கேட்பார்கள்:
வேகம், விலை, தரம்.
இரண்டு என்ற எண்ணை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

மின்தூக்கி திறந்தது.
எதிர்க்கதவுச் சைக்கிளிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.
இப்போதுதான் யாரோ வந்திருக்கிறார்கள்.