வரிசையில் பதினேழாவது

எட்டு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போதே
ஏவ்ரில் டின்னியன் தொண்டையைச் செருமிப் பார்க்கிறாள்.
கரகரப்பு. இது நான்காவது வாரம்.
வெளியே மேரிபோர்ட்டின் கடற்காற்று
கிளினிக்கின் பெயர்ப்பலகையை
ஆட்டி ஆட்டிப் பார்க்கிறது, கழற்ற மனமில்லாமல்.

எட்டு.
ஊர் முழுக்க ஒரே நேரத்தில் விரல் அழுத்துகிறது.
அவர்கள் காதில் முதலில் விழுவதும் அவள் குரல்தான்,
ஆறு வருடத்துக்கு முன் பதிவு செய்தது.
"நீங்கள் வரிசையில்" என்று அவள் தொடங்க
"இருபத்து மூன்றாவது" என்று ஓர் இயந்திரம் முடிக்கும்.
நெஞ்சுவலி என்றால் இங்கே காத்திருக்காதீர்கள்
என்று சொல்லும் இடத்தில்
அந்தக் குரலில் ஒரு சிரிப்பு ஒட்டியிருக்கும்.
அன்று யாரோ கேக் வாங்கி வந்திருந்தார்கள்.

முதலில் ஒரு தாய். குழந்தைக்குக் காது.
பிறகு திரு. மெசெஞ்சர், வியாழன் தவறாதவர்.
என்ன தொந்தரவு என்று கேட்டால்
"அதை நான் டாக்டரிடம் சொல்லிக்கொள்கிறேன்."
பிறகு ஒரு பையன், விடுப்புச் சான்று வேண்டுமாம்.
ஏழு நாள் வரைக்கும் நீயே எழுதிக் கொடுக்கலாமப்பா,
அதற்கு மேல்தான் எங்கள் காகிதம்.
"நானே எழுதினால் யார் நம்புவார்கள்?" என்கிறான்.
அவன் பின்னால் பெட்டி ஒட்டும் இயந்திரம் இரைகிறது.
வேலையில் நின்றுகொண்டேதான் கேட்கிறான்.

எட்டு இருபதுக்குத் திரையில்
பச்சைக் கட்டம் ஒன்றுகூட இல்லை.
இனி அவளிடம் மிச்சமிருப்பது ஒரே வாக்கியம்:
நாளைக் காலை எட்டு மணிக்குக் கூப்பிடுங்கள்.
சொல்லச் சொல்ல அது தேய்ந்து
"எட்டு" வெறும் காற்றாக வருகிறது.
"வாயைத் திறந்து பேசினால் என்ன?" என்கிறாள் ஒருத்தி.
உள்ளேயிருந்து டாக்டர்கள், வெளியேயிருந்து ஊர்.
மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி;
அதன் தோல் கிழிவதை யார் பார்க்கிறார்கள்?

தேநீர்க் கோப்பையோடு போகிற டாக்டர் ஹெதரிங்டன்
"தொண்டை எப்படி இருக்கிறது?" என்கிறார்.
"பரவாயில்லை" என்கிறது பழக்கம்.

அவள் தலைக்கு மேல், அவளே ஒட்டிய தாள்:
மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியிருந்தால்
மருத்துவரைப் பாருங்கள்.
ஒரு மூலை பெயர்ந்திருக்கிறது.
தினமும் கட்டைவிரலால் அழுத்திவிட்டு உட்காருகிறாள்.

தன் பெயரைத் தானே பதியக் கூடாது என்பது விதி.
ஊராரைப் போலத்தான் அவளும்
எட்டு மணிக்குக் கூப்பிட வேண்டும்.
எட்டு மணிக்கு அவள் எங்கே இருக்கிறாள் என்பது
ஊருக்கே தெரியும்.

அச்சு இயந்திரத்திலிருந்து சான்றுகளை எடுத்து அடுக்குகிறாள்.
'வேலைக்குத் தகுதியில்லை' என்று ஒரு கட்டம்.
'சில மாற்றங்களோடு தகுதி இருக்கலாம்' என்று இன்னொன்று.
பேசாமல் செய்யக்கூடிய வரவேற்பு வேலை
எந்த ஊரில் இருக்கிறது?

வெள்ளிக்கிழமை, ஏழு ஐம்பத்தொன்பது.
"ஐந்து நிமிடம்" என்று கர்ஸ்டியிடம் சைகை காட்டிவிட்டு
கார் நிறுத்துமிடத்துக்கு வந்து நிற்கிறாள்.
எண்ணை விரல் மறந்துவிட்டது;
இதுவரை அதை அழுத்தியதே இல்லை.

"நீங்கள் வரிசையில்" என்கிறாள் ஆறு வருடத்துக்கு முந்தையவள்,
தெளிவாக, சிரிப்போடு.
"பதினேழாவது."
மழை தூறத் தொடங்குகிறது.
காதிலிருந்து எடுக்காமல் கேட்டுக்கொண்டே நிற்கிறாள்.
என்ன நல்ல குரல் என்று முதல் முறையாகத் தோன்றுகிறது.
பதினொன்றாவது. நான்காவது.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
தன் காலி நாற்காலியும் கர்ஸ்டியின் குனிந்த தலையும்.

"வணக்கம். என்ன தொந்தரவு என்று சொல்ல முடியுமா?"

ஆயிரம் முறை அவள் கேட்ட கேள்வி.
வாயைத் திறக்கிறாள்.
"அதை நான்..." என்று தொடங்குகிறது காற்று,
"டாக்டரிடம் சொல்லிக்கொள்கிறேன்."

ஒரு பெருமூச்சு. விசைப்பலகைச் சத்தம்.
"சரி, பிறந்த தேதி சொல்லுங்கள்."

சொல்கிறாள்.
போன மாதம்தான் அந்தத் தேதிக்கு
கர்ஸ்டி மெழுகுவத்தி ஏற்றினாள்.
தட்டிக்கொண்டிருந்த விரல்கள் நிற்கின்றன.
தலை மெல்ல நிமிர்ந்து
ஜன்னல் பக்கம் திரும்புகிறது.