நாக்கு மடியும் இடம்

திறக்கலாமா மூடலாமா என்று
மூன்று நாள் வாட்ஸ்அப்பில் வாக்குவாதம்.
வங்கிக்காரர் விக்னராஜன் மூடச் சொன்னார்.
பிள்ளைகள் சுமந்து வருவார்கள்,
நாம் விழுவோம் என்றார்.
அவருக்குப் பால்கனி உண்டு,
வீட்டிலேயே இருக்கும் மனைவி உண்டு.
இரவுப் பணி முடிந்த ஜெபசெல்வி சிஸ்டர்
ஒரே வரி போட்டாள்:
'மூடினால் எபியை எந்த லாக்கரில் வைப்பேன்?'
யாரோ கைகூப்பும் படம் ஒன்றைப்
பதிலாக அனுப்பினார்கள்.

என்னை யாரும் கேட்கவில்லை.
ஆயாக்கள் அந்தக் குழுவில் கிடையாது.
வேன் ஓட்டும் கமாலுதீன்தான் வாசித்துக் காட்டினார்
அல் நஹ்தா சிக்னலில்.
எங்களைத் தவிர அங்கே யாருமில்லை.
ஆனாலும் சிவப்புக்கு நின்றோம்.

முதலாளியம்மா பாதி முடிவெடுத்தாள்:
ஆஸ்பத்திரிக்காரர் பிள்ளைகள் மட்டும்.
முப்பத்திரண்டு நாற்காலிகளில் நான்கு போதும்.
மீதியைச் சுவரோரம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன்.
அடிநாற்காலியில் யாரோ ஒட்டிய சூயிங்கம்,
காய்ந்து, பல் பதிந்து.
சுரண்ட மனம் வரவில்லை.

காலை ஆறே முக்கால்.
வாசலில் நான் துப்பாக்கி நீட்ட
எபி தானே முடியை விலக்கி நெற்றி காட்டுவான்.
முப்பத்தாறு புள்ளி நாலு.
காரின் பின்கதவைத் திறந்து நான்தான் தூக்கவேண்டும்.
சிஸ்டர் திரும்பமாட்டாள்.
கண்ணாடியில் தெரியும் மூக்கெலும்பின்மேல்
முகக்கவசம் அழுத்திய ஊதாத் தடம்.

பத்து மணிக்கு வந்து நின்றான்:
'பயம் வேணும்.'

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.
அவன் விரல் தட்டைக் காட்டியது.
வாழைப்பழம்.

பழம் என்றேன்.
பயம் என்றான்.
ப, ழ, ம் என்றேன்.
என் முகத்தில் இருந்த நீலத்துணியையே
கூர்ந்து பார்த்துவிட்டு
மறுபடியும் பயம் என்றான், பணிவாக.
இரண்டரை வயது.
அவன் பேச வந்த வருஷத்தில்
உலகத்துக்கு வாய் இல்லை.

கீழக்கரையில் என் மகளுக்கும் அதே வயசு.
அவளைப் பார்த்துக்கொள்ளும் தங்கைக்கு
நான் அனுப்பும் காசு
சிஸ்டர் கட்டும் பீஸில் கிள்ளிய துண்டு.
அவள் வாய்க்கு ழ வந்துவிட்டதா
என்று கேட்க நினைப்பேன்.
பேச்சு எப்போதும் கேஸ் விலையில் முடியும்.

வியாழக்கிழமை
கேமரா எட்டாத மூலையில்
எபியை உட்காரவைத்து
கவசத்தைக் கழுத்துக்கு இறக்கினேன்.
வாயைத் திறந்து
நாக்கை மேலே வளைத்து
உள்ளே மடித்துக் காட்டினேன்.
அவன் சிரித்தான்.
என் கீழ்ப்பல்லைத் தொட்டுப் பார்த்தான்.
ஏதோ பொம்மையின் வயிற்றைத் திறந்துவிட்ட மாதிரி
அவ்வளவு ஆச்சரியம்.
தன் வாயையும் பிளந்தான்,
என் முகத்துக்கு நேரே, ஒரு சாண் தூரத்தில்.
ஆறு தரமா, ஏழா, எண்ணவில்லை.

அன்றிரவு சிஸ்டருக்குப் பாசிட்டிவ்.

இப்போது ரோலாவில்
ஐந்து பேர் அறையில், திரை இழுத்த கீழ்க்கட்டிலில் நான்.
மேல்கட்டில் ரஹ்மத் நிசா
சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள்,
என் மூச்சைத் தாண்டி மூச்சுவிட.
குப்பூஸும் பருப்பும் கதவடியில் வைத்துவிட்டுப் போனார் கமாலுதீன்.
குழுவில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று கேட்டேன்.
சூடு ஆறுவதற்குள் சாப்பிடு என்றார்.

விக்னராஜன் சரி.
சிஸ்டரும் சரி.
இரண்டு சரிக்கும் நடுவில்
என் மூக்குக்குள் விட்ட குச்சியின் முடிவு
நாளைக்கு வரும்.

விடியற்காலை ஒரு குரல்பதிவு.
மூச்சிரைக்கும் சிஸ்டரின் எண்ணிலிருந்து
ஒரு சின்ன இருமல்,
பிறகு எபி:

'பளம்.'

திரும்பப் போட்டுக் கேட்கிறேன்.
பயம் இல்லை. பழமும் இல்லை.
யாருக்குப் பழம் என்கிறாள் ரஹ்மத் நிசா
சுவரைப் பார்த்தபடி.
இருட்டில் நான் வாயைத் திறந்து
நாக்கை மடித்து வைத்திருக்கிறேன்.
பதில் சொல்ல
அதைக் கீழே இறக்கவேண்டும்.