முயலுக்கு என்ன பேரு

அஞ்சலாட்சிக்கு எண்ணிக்கை தவறியது
கடலூர் முதுநகர் மீன் ஏலத்தில்.
பதினேழுக்குப் பிறகு என்ன என்று தெரியாமல்
வஞ்சிரக் கூடைமுன் நின்றுவிட்டாளாம்.
யாரோ சிரித்தார்கள்.
பிறகு ஐஸ் பெட்டி தூக்கியதில் வலது மணிக்கட்டு.
பிறகு கல், மூன்று முறை கல்.
இரத்தத்தில் கால்சியம்
பன்னிரண்டு புள்ளி நாலு.

எலும்பைக் கரைத்து இரத்தத்தில் ஊற்றுகிறது ஒன்று,
அது கழுத்தில் இருக்கும் என்றார் அந்துவான் டாக்டர்.
தைராய்டுக்குப் பின்னால் நான்கு பாராதைராய்டு,
ஒவ்வொன்றும் ஒரு அரிசி.
போன ஆடியில் திறந்து பார்த்தார்.
மூன்று கிடைத்தன, மூன்றும் யோக்கியமானவை.
நான்காவது என்று எடுத்தது கொழுப்பு.
அடுத்து எடுத்தது நிணநீர்க் கணு.
ஐந்து மணி நேரம் தேடிவிட்டுத்
தைத்து அனுப்பினார்.

கோரிமேட்டில் என் அறை தரைக்குக் கீழே.
குளிர்பெட்டியில், நாலு டிகிரியில்,
ஒரு குப்பி ஆன்டிபாடி.
அதற்குத் தெரிந்தது ஒரே ஒரு முகம்.
கொழுப்பைப் பார்த்தால் போய்விடும்,
கணுவைப் பார்த்தால் போய்விடும்,
தைராய்டே வழிமறித்தாலும்
ஒதுங்கிப் போய்விடும்.
அதன் முதுகில் துளி கதிர்வீச்சைக் கட்டினேன்.
சோதனை முறைதான் அம்மா, கைநாட்டு வேணும் என்றேன்.
"எனக்குக் கையெழுத்துத் தெரியும்."
இடது கையால் போட்டாள்,
கோணலாக, முழுப்பெயரும்.

எங்கே செஞ்சது இது என்றாள் ஊசி ஏறும்போது.
ஒரு முயலின் இரத்தத்தில் என்றேன்.

இரண்டு நாள் மழை.
மூன்றாம் நாள் கேமராவுக்குக் கீழே படுத்தாள்.
கழுத்தில் ஒன்றுமில்லை.
டீ குடிக்கப் போக எழுந்தவன்
ஏனோ படத்தைக் கொஞ்சம் கீழே இறக்கினேன்.
மார்பெலும்புக்குப் பின்னால், இதயத்தை ஒட்டி
ஒரு புள்ளி.
கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன்.
இருந்தது.

கருவில் இருக்கும்போது மேலிருந்து இறங்கி வரும்,
நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல்
இது இன்னும் கீழே போய்விட்டது என்றேன்.
"நானும் பாண்டி பஸ்ஸுல தூங்கிப்போயி
முதுநகர்ல எறங்காம
செதம்பரம் வரைக்கும் போயிருக்கேன்."
ஐம்பத்திரண்டு வருஷம்
அங்கேயேவா இருந்துச்சு, என்று
தன் மார்பைத் தானே ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

அறுவைக்குத் தேதி இன்னும் வரவில்லை.
கிளம்பும்போது கதவருகே திரும்பி,
அந்த முயலுக்கு என்ன பேரு என்றாள்.
குப்பியை எடுத்துப் பார்த்தேன்.
பேர் இல்லை. ஏழு இலக்கத்தில் ஓர் எண்.
சத்தமாகப் படித்தேன்.
அவளும் உதட்டால் கூடவே வந்தாள்,
நான்காவதில் நின்றுவிட்டாள்.

"இன்னொரு தடவ சொல்லுங்க.
மெதுவா."