ஒரு கால்

கோத்தகிரி மினி பஸ் எங்களை இறக்கிவிட்டபோது
மழையும் கூடவே இறங்கியது.
என்னிடம் அளவு நாடா, பரீட்சை அட்டை, இருபத்துமூன்று படிவங்கள்.
ஜோயலிடம் கேமரா; அதற்கொரு கேரிபேக் முக்காடு.

முதலில் தேவாலயம்.
மணியின் விளிம்பைத் தடவினால்
கிளாஸ்கோ என்று விரலில் படுகிறது.
ஆண்டின் கடைசி இலக்கத்தைக் களிம்பு வைத்துக்கொண்டது.
ஆயிரத்து எண்ணூற்று எழுபத்து... என்று எழுதி
மூன்று புள்ளி வைத்தேன். தரம் ஒன்று.

கல்லறைத் தோட்டம். அதுவும் ஒன்று.
சாய்ந்த சிலுவையில் ஓர் எருமை கண்ணை மூடிக்கொண்டு
கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தது.
குறிப்புக் கட்டத்தில் அதை எழுதப் போனேன்.
"எருமையெல்லாம் வேண்டாம் சார்" என்றான் ஜோயல்.

தபால் நிலையம், தரம் இரண்டு.
பட்டியலில் சேர்ந்தால் வாடகை கூடுமா என்றார்
கட்டடக்காரர் நஞ்சா கவுடர்.
கூடாது என்றேன்.
அப்படியானால் பத்தாவது போட்டுக்கொள்ளுங்கள் என்று
குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

பதினேழு: குதிரை லாயம்.
எட்டுத் தடுப்புகள். கருங்கல், சுண்ணாம்புக் காரை, தேக்கு உத்தரம்.
ஒவ்வொரு நிலைக்கு மேலும் பலகையில் செதுக்கிய பெயர்:
டங்கன், ஹெதர், பிரின்ஸ், மிஸ் மஃபட்...
குதிரைகள் செத்து எண்பது வருஷம்.
ரேஷன் கார்டில் இன்னும் அதுதான் விலாசம்.
டங்கன் வீட்டுக்கு மணியார்டர் என்று கத்தினால்
டங்கனிலிருந்து மூக்கொழுகும் பையன் ஓடி வருவான்.

எதிர் மேட்டில் கூலி லைன் இருந்ததாம், மண்சுவரில்.
ஒரே ஐப்பசியில் கரைந்து ரோட்டுக்கு வந்துவிட்டது.
இல்லாததற்குப் படிவம் இல்லை.

ஹெதரில் இருந்தவள் லெட்சுமாயி.
பிறந்தது அப்புத்தளைத் தோட்டத்து லயத்தில்.
ஆறு வயதில் கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் முகாம், பிறகு இந்தக் குளிர்.
நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டே சொன்னாள்:
"அங்க லயம். இங்க லாயம்.
ஒரு கால் கூடியிருக்கு, பாருங்க."
சிரிக்கலாமா என்று தெரியாமல்
நீளம் மூன்று புள்ளி நான்கு என்றேன்.

விதிகளைச் சொன்னேன், சொல்ல வேண்டியது என் வேலை.
நீலத் தார்ப்பாயை எடுத்துவிட வேண்டும்.
கக்கூஸ் கட்டச் சென்னையில் கேட்க வேண்டும்.
ஓடு மாற்றலாம், அதே ஓடு கிடைத்தால்;
மங்களூரில் அந்தச் சூளை எப்போதோ மூடியாகிவிட்டது.

அவள் குனிந்து கட்டிலடியிலிருந்து
பழைய சேலை மூட்டையை இழுத்தாள்.
பதினோரு ஓடுகள். முதுகில் அதே முத்திரை.
மேனேஜர் பங்களாவை இடித்த அன்று
லாரிக்காரனுக்கு டீ வாங்கிக் கொடுத்து எடுத்துவைத்ததாம்.
"ஒழுகுற வரைக்கும் ஒழுகட்டும்னு இருக்கேன்.
பதினொண்ணுதானே இருக்கு."

பராமரிப்பவர் என்ற கட்டத்தில்
தோட்டக் கம்பெனியின் பெயர் முன்பே அச்சாகியிருந்தது.
அதன் மேல் எழுத மை பிடிக்கவில்லை.
ஓரத்தில் சின்னதாக எழுதினேன்: ல. லெட்சுமாயி.

இன்று சென்னையிலிருந்து அச்சுப்படி வந்திருக்கிறது.
ஓரத்தில் எழுதியது வரவில்லை.
பதினேழாவது வரியில் காலையும் காணோம்:
*குதிரை லயம், சுமார் 1890, தரம் இரண்டு.*
நாளை மாலைக்குள் திருத்தி அனுப்பவும்.

சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்து
ரொம்ப நேரமாக வைத்திருக்கிறேன்.
இதோடு பெரிய மழை மூன்று ஆகிவிட்டது.
மிச்சம் எட்டு ஓடு இருக்கலாம் அவளிடம்,
அனுமதி கேட்டிருக்க மாட்டாள்.