கதவைச் சீவியவர்

விழுந்தவற்றைப் பார்க்கப் போவதுதான் என் வேலை.
நிற்பவற்றுக்காக யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை.

கைனூ பக்கத்துச் சிற்றூரில், பிப்ரவரியில்,
ஹாக்கி அரங்கின் கூரை
விடியற்காலை நான்கு மணிக்கு உட்கார்ந்துவிட்டது.
ஆறு மணிக்குப் பிள்ளைகள் பயிற்சிக்கு வருவார்கள்.
அந்த இரண்டு மணி நேரத்தை
அறிக்கையில் எந்தத் தலைப்பின்கீழ் எழுதுவதென்று
இன்னும் தெரியவில்லை.

பனிப்பாரம் என்றார்கள் ஊரில்.
கடைசியாக வந்தவன்மேல்தானே பழி.
அளந்து பார்த்தேன்:
அதைவிடக் கனத்த பனியை
அந்தக் கூரை பலமுறை சுமந்திருக்கிறது.

செய்னாயொகி அருகே ஒரு தானியக் குதிர்
நிரம்பி நின்றவரை அசையவில்லை.
பார்லியை ஒரு பக்கத்து வாய் வழியாக மட்டும்
திறந்துவிட்டார்கள்.
பாதி காலியானதும்
இந்தப் பக்கம் தானியம், அந்தப் பக்கம் வெறுங்காற்று.
காகிதக் குவளையை நசுக்கியதுபோல
இரும்புத் தகடு உள்வாங்கியது.
குறைகுடம் கூத்தாடும் என்பது சரிதான்.
அன்று ஆடியது எண்பது அடிக் குறைகுடம்.

பாலம் வேறு விதம்.
மேலே லாரிகளை நிறுத்தி எடை பார்த்து
அபராதம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.
கீழே ஆறு
தூணின் காலடியிலிருந்து
கைப்பிடி கைப்பிடியாக மணலை
எடுத்துப் போய்க்கொண்டிருந்தது.
விழுந்த அன்று பாலத்தின்மேல் ஒரு சைக்கிள்கூட இல்லை.
தண்ணீருக்கடியில் போய்ப் பார்க்க
நகராட்சியில் ஒரு முக்குளிப்பாளர் இருந்தாராம்;
அவர் ஓய்வு பெற்றபின் அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை.
ஒன்பது ஆண்டுக்கு முன்பே
ஒரு கோப்பில் விழுந்திருந்தது அந்தப் பாலம்.

வடங்கள் இழுத்து நிறுத்திய ஒளிபரப்புக் கோபுரமோ
பழுது பார்க்கையில் விழுந்தது,
நைந்த வடத்தை மாற்றுவதற்காக அவிழ்த்த கணத்தில்.
அதைப் பற்றி இங்கே வேண்டாம்.
அங்கே இருவர் இருந்தார்கள்.

அரங்குக்கு வருகிறேன்.
கூரையைத் தாங்கியவை மர உத்தரங்கள்,
பலகைமேல் பலகை வைத்துப் பசையால் ஒட்டியவை.
கீழே உறைதளம், மேலே வெப்பம், நடுவில் ஓயாத ஈரம்.
ஈரம் ஒத்துக்கொள்ளாத பசை; விலை மலிவு.
பதினெட்டுக் குளிர்காலம்
பிரிந்துகொண்டே சேர்ந்திருந்திருக்கின்றன
அந்தப் பலகைகள், சில தம்பதிகளைப் போல.

அரங்கைப் பராமரித்தவர் தைஸ்தோ கெரானென்.
காப்பி ஆறிப்போகும்வரை பேசவில்லை.
பிறகு சொன்னார்:
கிழக்குக் கதவு டிசம்பரிலிருந்தே இடித்துக்கொண்டிருந்தது.
ஈரத்தில் ஊதிவிட்டதென்று
இழைப்புளியால் மேல்விளிம்பைச் சீவினேன்.
புத்தாண்டு கழிந்து மறுபடி.
போன வாரம் மூன்றாம் தடவை.

"சீவலை என்ன செய்தீர்கள்?"
"சவுனா அடுப்புக்குப் போட்டேன். நன்றாகப் பிடித்தது."

ஊதியது கதவல்ல.
இறங்கியது நிலை,
நிலைக்கு மேலே உத்தரம், அதற்கும் மேலே எல்லாம்.
கதவு இடித்தால்
யார்தான் கூரையைப் பார்ப்பார்கள்?

இடிபாட்டிலிருந்து கதவை எடுத்து அளந்தேன்.
பதினோரு மில்லிமீட்டர் குறைவு.
கூரை இறங்கிவந்ததற்கு வேறு பதிவே இல்லை.
படமில்லை, கருவியில்லை, ஆய்வாளர் கையொப்பம் இல்லை.
மூன்று தேதிகளும் மூன்று சீவல்களும்தான்.

"என்மேல் எழுதுவீர்களா?" என்று கேட்டார்.
"உங்களால்தான் எழுதவே முடிகிறது" என்றேன்.
அவர் காதில் அது எப்படி விழுந்ததோ,
கட்டைவிரலால் மேசை விளிம்பைத்
தடவிக்கொண்டே இருந்தார்.

கதவு இப்போது என் அலுவலகச் சுவரில்
சாய்ந்து நிற்கிறது, சான்று எண் ஏழு.
எந்த நிலைக்கும் இனிப் பொருந்தாது.

நேற்று வீட்டில் ஜன்னல் சிக்கியது.
தச்சருக்குப் பேச எடுத்த போனை வைத்துவிட்டு
நாற்காலி போட்டு ஏறி
விதானத்தை அடி அடியாகத் தட்டிக் கேட்டேன்.
பழைய சாயம் ஒட்டியிருந்தது, அவ்வளவுதான்.

நாற்காலியை மட்டும்
இன்னும் எடுத்து வைக்கவில்லை.