பதினோரு நொடி மழை

வைகாசியில் மழை வேண்டுமென்று
திருத்துறைப்பூண்டி லாட்ஜிலிருந்து ஆள் வந்தது.
ஒன்பது மணி நாடகத்துக்குக் கடைசி வாரம்.
மூன்று ராத்திரி, ராத்திரிக்கு நாலாயிரம்,
டீசல் அவர்கள் செலவு.
முள்ளியாற்றில் அப்போது ஆடு மேய்ந்துகொண்டிருந்தது.

என் போர்த் தண்ணீர் கொஞ்சம் உப்பு. சொன்னேன்.
மழைக்கு ருசி எதுக்குய்யா என்றார் மேனேஜர்.

கொள்முதல் நிலையத்துக் களத்தில்
சாரம் கட்டி, பைப்பில் ஆணி காய்ச்சி ஓட்டை போட்டு
நான்தான் வானத்தைச் செய்தேன்.
இன்ஜினை முடுக்கியதும்
முதலில் ஓடிவந்தது யாழரசி இல்லை, கலியபெருமாள்.
எடை போடாமல் ஒன்பது நாளாகக் கிடந்த
எண்பது மூட்டைக்கும் தார்ப்பாயை இழுத்துக்கொண்டு
வருண பகவானின் தாயாரைத் திட்டிக்கொண்டு.
மேலே பார்த்தார், நட்சத்திரம்.
என்னைப் பார்த்தார்.
ஈரம் பதினேழைத் தாண்டினா நீயா வாங்கிப்பே என்று
விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

முதல் ராத்திரி
யாழரசி தன் மூத்தாரை அறைந்தாள்.
ஏழு டேக். ஏழு மழை.
ஆறாவதில் அவருக்கு நிஜமாகவே கண் கலங்கியது.
இரண்டாம் ராத்திரி
காலில் விழுந்த அதே ஆளை மன்னித்தாள்.
மூன்றாம் ராத்திரி இரண்டும் இல்லை,
பத்திரத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு நடந்தாள்,
விளக்கைத் தாண்டி, கட் சொன்ன பிறகும்.
வால்வை மூடப் போனவன் பார்த்தேன்:
வாய்க்கால் மதகில் உட்கார்ந்து
செருப்புச் சேற்றைக் குச்சியால் வழித்துக்கொண்டிருந்தது அந்தப் பெண்.
அண்ணே, உங்க ஊர் மழை கரிக்குது.
எதும்மா முடிவு?
எனக்கும் டிவியிலதாண்ணே தெரியும்.

பிறகு ஒரு மாசம் ஊரில் நான்தான் ஜோசியன்.
வெளியே சொல்லக்கூடாதென்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.
பால் சொசைட்டியில் மன்னிப்பு என்றேன்.
சலூனில், நடந்து போகிறாள் என்றேன்.
கொழுந்தியாள் செந்தாமரை போனில் கேட்டபோது
அறை என்று சொன்னேன்.
அவளுக்கு அதுதான் வேண்டியிருந்தது.
மன்னார்குடியில், மூத்தார் வீட்டு மாடிப்படிக்கு அடியில்தான்
அவள் இன்னும் சமைக்கிறாள்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணி.
தெருவில் நாய் தவிர யாரும் இல்லை.
ஒவ்வொரு வீட்டு டிவியும் அரை நொடி முன்னே பின்னே
ஒரே வசனத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது.
ஒன்பது இருபத்தெட்டுக்கு
சென்னையில் போட்ட ஏதோ ஹாலில் போன் அடித்தது.
யாழரசி எடுத்தாள்.
ஹலோ என்றாள்.
முகம் அப்படியே நின்றது.
இரண்டாம் பாகம் விரைவில்.

நான் பெய்யாத முடிவு.

அவள் தலைக்குப் பின்னால் ஜன்னல் இருந்தது,
ஜன்னலுக்கு வெளியே என் மழை, பதினோரு நொடி.
இடதுகோடி ஓட்டை அடைத்திருந்தது,
ஆகவே முதல் ராத்திரியுடையது.
மங்கையர்க்கரசி மட்டும் கண்டுபிடித்து
நம்ம தண்ணி என்றாள்.
கொஞ்சம் பொறுத்து, அந்த மூணு நாளும்
நாத்தங்கால் காஞ்சுச்சு என்றாள்.

மறுநாள் டீக்கடையில் எனக்குப் பெயர் புளுகன்.
கேபிளை வெட்டப் போவதாக ஒருவர்.
திங்கட்கிழமை வேற நாடகம் வருது, விடு என்று ஒருவர்.
கலியபெருமாள் கிளாஸை வைத்துவிட்டுச் சொன்னார்:
மழை மட்டும் நல்லா நடிச்சிருந்துச்சு.

ஆனியில் ஆற்றுக்குத் தண்ணீர் வந்தது, கலங்கலாக, முழங்காலுக்கு.
களத்தில் சாரம் நின்ற இடத்தில்
சிந்திய நெல் முளைத்து, நுனி கருகி,
விரல் உயரத்தில் நின்றது.
அது யார் கணக்கிலும் இல்லை.

செந்தாமரை வந்திருந்தாள்.
நாடகத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை.
சாப்பிட்டாள், அக்காவுக்குத் தலை பின்னிவிட்டாள்,
ஐந்தரை பஸ்ஸுக்குப் பையை எடுத்துக்கொண்டு
வாசல்வரை போய்த் திரும்பினாள்.

அறைஞ்சது நெசந்தானே அத்தான்?
நீங்க பாத்தீங்கதானே?

பாத்தேன், என்றேன்.
ஏழு தடவை.